ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும்

கீதாவின் பிழைப்பு காதில் இருந்தது. தாராவியில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்வாள். பதினாறு வருஷ வேலை. தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இந்த ஆங்கிலத்தையெல்லாம் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். எந்த ஊர் டாக்டர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அவளுக்கு ஒரு சொல் தப்பாது.

பழைய ஹெட்போனின் ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கி அறுந்தபோது, அவள் கணவன் மாரிக்கண்ணன் நாலு கடை ஏறி இறங்கி ஒயரில்லாத ஒன்றை வாங்கிவந்தான்.

“இனிமே ஒயரு தொல்லை கெடையாது. போட்டுக்கிட்டே அடுப்படி வரைக்கும் போவலாம், பாத்துக்கோ” என்றான். அவன் முகத்தில் அத்தனை பெருமை.

ஆனால் அன்றிலிருந்தே டாக்டர்களின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. சொல்லின் நுனிகள் மழுங்கிப்போயின. ஒரே வரியைப் பத்துத் தடவை ஓட்டிக் கேட்டாள்.

மூன்றாவது வாரம் விஜயலக்ஷ்மி மேடம் ஃபோன் செய்தார். மாட்டுங்காவில் வீட்டிலிருந்தபடி இவளுடைய ஃபைல்களைச் சரிபார்ப்பவர்.

“கீதா, டாக்டர் ஃபிஃப்டீன் மில்லிகிராம்னு சொல்றார். நீ ஃபிஃப்டின்னு போட்டிருக்கே. நான் திருத்திட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“தலவலி மேடம்” என்றாள் கீதா. முகம் தெரியாத ஒரு நோயாளிக்கு மூன்று மடங்குக்கு மேல் மருந்து எழுதியிருக்கிறாள்.

காதுதான் போய்விட்டது என்று முடிவு கட்டினாள். யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். “கான் ஏக்தம் டீக் ஹை” என்று சிரித்தபடி காகிதத்தை நீட்டினாள் அங்கிருந்த பெண். காதில் குறையில்லை என்றால் குறை ஹெட்போனில். அதை மாரிக்கண்ணனிடம் எந்த வாயால் சொல்வது?

அடுத்த சந்து சுலைகாவிடம் போனாள். செம்பூரில் விளம்பரங்களுக்குக் குரல் பதிவுசெய்யும் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவள். விஷயத்தைக் கேட்டதும் கூடவே கிளம்பி வந்தாள். முதலில் ஹெட்போனைத் தன் ஃபோனோடு இணைத்துக் கேட்டாள்.

“யக்கா, இது நல்லாத்தான பாடுது!”

பிறகு தன்னுடைய ஒயர் ஹெட்போனை லேப்டாப்பில் செருகினாள். அதுவும் தெளிவாகக் கேட்டது. தனித்தனியாக இரண்டும் சரி, சேர்ந்தால்தான் கோளாறு. சவுண்ட் செட்டிங்கைத் திறந்தவள் சிரித்துவிட்டாள்.

“இதுல மைக்கும் இருக்குல்லா? ஒங்க ஆபீஸ் மீட்டிங் ஆப்பு அதப் புடிச்சி வச்சிருக்கு. புளூடூத்துல மைக்கும் சேந்து ஓடுனா, ஃபோன்ல பேசுதோம்னு நெனச்சி கம்ப்யூட்டரு சத்தத்த நசுக்கித்தான் அனுப்பும்.”

மைக்கை லேப்டாப்பினுடையதாக மாற்றினாள். அடுத்த கணம் டாக்டர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் குரல் திறந்துகொண்டது. கீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுலைகா விடவில்லை. லேப்டாப் தானாகவே சேர்த்துக்கொண்டிருந்த எதிரொலியை அணைத்தாள். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், ‘தும்’மென்ற அடிச்சத்தத்தைக் குறைத்து, பேச்சுக் குரலுக்கான நடுக்கோட்டை மெல்ல ஏற்றினாள்.

“இன்னும் கொஞ்சம்... போதும், போதும். இப்ப ‘ஸ்’ஸு காதுல குத்துது. ஒரு பொட்டு எறக்கு” என்றாள் கீதா.

சுலைகா இறக்கிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். “எங்க ஸ்டுடியோவுல ஒருத்தருக்கும் இந்தக் காது கெடையாதுக்கா.”

கீதா அந்தப் பழைய ஃபைலை ஓடவிட்டாள். ஃபிஃப்டீன். கடைசி எழுத்து வரை துல்லியமாக விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே விஜயலக்ஷ்மிக்கு ஃபோன் போட்டாள்.

“மேடம், தலவலின்னு பொய் சொல்லிட்டேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

“பதினாறு வருஷமா உன் ஃபைலைப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்றார் விஜயலக்ஷ்மி. “ஏதோ கஷ்டத்துல இருக்கேன்னு தோணித்து. அதான் இந்த மூணு வாரமா உன் ஃபைல் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை முழுசாக் கேட்டேன். ஒரு தப்பும் வெளியே போகலே, பயப்படாதே.”

இருவரும் முகம் பார்த்தே ஏழெட்டு வருஷம் இருக்கும். அந்த மனுஷி தன் வேலையை இரண்டாக்கிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் இவளைத் தாங்கியிருக்கிறார்.

சாயங்காலம் மாரிக்கண்ணனிடமும் சொன்னாள். “மொதல்லயே சொல்லப்பிடாதா? நான் என்ன கடிச்சா திம்பேன்?” என்று கோபித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவனே அவளை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனான். வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார்கள்.

விஜயலக்ஷ்மி காபி கலக்க உள்ளே போயிருந்தபோது, மேஜையில் கிடந்த அவருடைய ஹெட்போனில் ஏதோ ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது; கீதா அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். அடிச்சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரைந்தது. இதிலா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார்?

“மேடம், காபி மெதுவா வரட்டும்” என்று குரல் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சவுண்ட் செட்டிங்கத் தொறக்கணும், ஒங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க.”