ரோட்டுக்குக் கீழே பதினெட்டுக் கன்றுகள்

எங்கள் வீட்டைக் கட்டியவர் யாரோ, அவர் மனிதர்களின் கண்களைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் மலையைச் சுற்றிப் போகும் ரோட்டிலிருந்து பதினான்கு படி இறங்கினால் எங்கள் முற்றம், அதைத் தாண்டினால் வீடு. கூரையின் உச்சி, ரோட்டில் நிற்கிறவரின் இடுப்பு உயரத்துக்குத்தான் வரும். ரோட்டில் போகிற எவரும் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கொடியில் என்ன காய்கிறது, முறத்தில் என்ன கிடக்கிறது, நான் சவரம் செய்தேனா இல்லையா என்பது வரை தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லாமல் போகிற பழக்கமும் இந்தப் பக்கத்தில் கிடையாது. "மழை வருது, துணிய எடுங்க!" என்று மேலிருந்து ஒரு குரல் வரும். நாங்கள் ஓடிப்போய் எடுப்போம். பத்து வருடம் அப்படித்தான் போனது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு முடி கொட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, தலையணையோடு வந்தது. மிச்சத்தை அவளே கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு, என்னிடம் ரேசரைக் கொடுத்து மழித்துவிடச் சொன்னாள். மழித்தேன். அவள்தான் என்னைத் திட்டி ஒழுங்காகச் செய்ய வைத்தாள்.

மருந்து ஏறிய நாட்களில் அவளுக்குக் கை கால் சில்லிட்டுப்போகும். எங்கள் வீட்டுக்குள்ளோ எப்போதும் குளிர். ஒரு பக்கம் முழுக்க மண்திட்டு அடைத்திருப்பதால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். வெயில் விழுவது முற்றத்தில் மட்டும்தான். அவள் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, வெறுந்தலையோடு வெயிலில் உட்காருவாள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ரோட்டில் குடையோடு போன ஒரு பெண் நின்றாள். "ஐயோ, முடியெல்லாம் போச்சே!" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாயில் வந்தது அவ்வளவுதான். என் மனைவி எழுந்தாள், கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இனி நான் வெளிய இருக்க மாட்டேன். எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

அதன் பிறகு அவள் முற்றத்தில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, படிகளைக் குனிந்தபடி ஏறி ஆட்டோவில் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் அந்தக் குளிர்ந்த அறைதான். ஒரு மனுஷிக்கு அவள் வீட்டு வாசலில் விழுகிற வெயில்கூட இல்லாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை. எப்படியாவது அவளை மறுபடி அந்த வெயிலில் உட்கார வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் என் எண்ணமாக இருந்தது.

முதலில் தகரம் அடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. அவள் கேட்கவே மாட்டேன் என்றாள். "தகரம் அடிச்சா ரோட்டுல உள்ளவங்களோட கோபம்னு ஆயிரும்," என்றாள். அது உண்மை. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே திடீரென்று தகரம் முளைத்தால், சண்டை எப்போது நடந்தது, யார் முதலில் பேசினது என்று ஊர் விசாரிக்கத் தொடங்கிவிடும். சுவர் கட்டினால் இன்னும் மோசம். மரம் நட்டால் மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மரம் என்றால் மரம். அதற்குப் பின்னால் யார் எதை ஒளிக்கிறார்கள் என்று எவரும் யோசிப்பதில்லை.

போனில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் பண்ணை வீட்டைச் சுற்றி ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வரிசையாக நட்டு, சில வருடத்தில் வீடே தெரியாமல் செய்துவிடுகிற வீடியோக்கள் நிறைய இருந்தன. அடிவரை கிளை, நெருக்கமான இலை, வருடம் முழுவதும் பச்சை. எனக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை. பேராதனை ரோட்டில் கன்று விற்கிறவரிடம் போய் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இது பனி விழுற நாட்டு மரம். இங்க வச்சீங்கன்னா ரெண்டே மாசத்துல பொசுங்கிப் போயிரும். சைப்பிரஸ் கொண்டுபோங்க, பாக்குறதுக்கு கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றார்.

சைப்பிரஸ் எனக்குத் தெரிந்த மரம்தான். நான் பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கே துரை பங்களாவைச் சுற்றி இந்த மரம்தான் வரிசையாக நின்றது. தொழிலாளர்கள் இருக்கிற லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் ஒரு ஜன்னல்கூடத் தெரியாது. எங்கள் லயத்திலோ ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். மறைவு என்பது வசதியுள்ளவர்களுக்கு உரிய சாமான் என்று அந்த வயதிலேயே எனக்கு விளங்கியிருந்தது. இப்போது பதினெட்டுச் சைப்பிரஸ் கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கன்றுகள் என் முழங்கால் உயரம். முற்றத்துக்கு மேலே உள்ள திட்டின் ஓரத்தில் ரோட்டை ஒட்டி நட்டேன். அவசரத்தில் அடிக்கு ஒன்றாக நட்டு, பிறகு கன்று விற்றவரிடம் திட்டு வாங்கி, எல்லாவற்றையும் பிடுங்கித் தள்ளித் தள்ளி வைத்தேன். மட்கிய எரு போட வேண்டிய இடத்தில் பச்சைச் சாணத்தைப் போட்டதில் இரண்டு கன்று மஞ்சளாகிப் போனது. முதல் பெருமழையில் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் இறங்கி, நாலு கன்றின் வேரை வெளியே காட்டிவிட்டது. அதன் பிறகுதான் ஒவ்வொன்றின் கீழும் பிறை வடிவில் கல் அடுக்கினேன். மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன். குரங்குகள் வந்து கன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தின்பதற்கில்லை, சும்மா பொழுதுபோக்குக்கு. கோழிக்கூட்டுக் கம்பிவலையை வாங்கி வட்டமாக வளைத்து ஒவ்வொன்றுக்கும் கூடு செய்தேன். பதினோரு கூடு செய்ததும் வலை தீர்ந்துவிட்டது.

என் மனைவி ஜன்னலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வளந்தா முத்தத்துல வெயில் விழாதே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. "வெட்டி வெட்டி விடுவேன்," என்று சமாளித்தேன்.

"அப்ப ரோட்டுல இருந்து தெரியுமே," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் யாருக்காக இப்படிக் கிடந்து மண்ணைக் கிளறுகிறேன் என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

மரம் நட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன் அல்லவா? அது பாதிதான் உண்மை. ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று எல்லாரும் சொன்னார்கள். மேலே சந்தியில் ஆட்டோ ஓட்டுகிற சிங்களப் பையன்களில் ஒருவன், "மாத்தயா, இன்னைக்கு தண்ணி ஊத்தின இல்லையா?" என்று தினமும் விசாரித்தான். தபால்காரர் வேப்பம் புண்ணாக்கு போடச் சொன்னார். அழகுக்கு வைக்கிறேன் என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். எவர் கண்ணில் படாமல் இருக்க இந்த வேலியைப் போடுகிறேனோ, அவர்களே வந்து நின்று அதை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கன்றோ அசைகிற மாதிரித் தெரியவில்லை. தினமும் காலையில் போய் அளந்து பார்த்தால் எதுதான் வளரும்? அவளுடைய ஊசி மருந்து முடியும்போதுகூட அது என் இடுப்பைத் தாண்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நான் வீட்டுக்குப் பக்கவாட்டில் உள்ள குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். மேலே ரோட்டில் ஒரு வண்டி சடாரென்று நின்றது. ஊரெல்லாம் பாட்டுப் போட்டபடி தினமும் ஆட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் பெரியவரின் குரல் கேட்டது.

"தங்கச்சி! ஆடு ஈக்கி! கன்டெல்லாம் திங்கிது, ஓடி வாங்க!"

நான் துவாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவர் மூலைக்கு வந்தேன். அதற்குமேல் போகக் கூச்சமாக இருந்தது. ரோட்டில் ஆட்கள் நின்றார்கள். அதற்குள் அவள் முற்றத்தின் நடுவில் இருந்தாள். கையில் ஈர்க்குமாறு. தலையில் ஒன்றுமில்லை. பல வாரங்களாக ஆறு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள், திட்டில் கையை ஊன்றி ஏறி, ஆட்டை முதுகில் ஒரு போடு போட்டாள். ஆடு கத்திக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தது. அவள் மூச்சிரைக்க, கூடு இல்லாத அந்த ஏழு கன்றையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஆட்டோப் பையன், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், பாண்காரர் என்று எல்லாரும் மேலே வரிசையாக நின்றார்கள். அவளுடைய தலை காலை வெயிலில் பளபளத்தது. இதோ யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

"எத்தின போச்சு?" என்று கேட்டார் பாண்காரர்.

"ரெண்டு, அண்ணே. ஒண்ணு நுனி மட்டுந்தான்."

"நுனி போனா வளரும். பயப்படாதீங்க."

பெண்களில் ஒருத்தி, அந்த ஆட்டுக்காரனைச் சும்மா விடக்கூடாது என்றாள். அதோடு பஸ் வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள். என் மனைவி, நிற்கிறதே நிற்கிறோம் என்று மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டு கேட்டாள். அவர் குனிந்து கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

"ரெண்டு மாசமா இந்த முடக்குல பாட்ட நிப்பாட்டித்தான் போற, தங்கச்சி. நீங்க படுத்திருப்பீங்கண்டு. நாளைக்கி போடவா?"

"போடுங்க அண்ணே," என்றாள்.

பாண் வண்டியின் பாட்டு இரண்டு மாதமாக எங்கள் வளைவில் கேட்கவில்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை. கன்றுகளை அளப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தக் குடைக்காரப் பெண்ணைத் தவிர வேறு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழகுக்கு என்று நான் சொன்ன பொய்யைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள்.

நான் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தபோது, அவள் உள்ளே வந்திருக்கவில்லை. கடைசிப் படியில் வெயிலில் உட்கார்ந்து, பணிஸைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. வாயைச் சுற்றி எண்ணெய். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் ஒன்றை ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன்! நான் வேண்டிக்கொண்டது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அப்படியே பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. அறைக்குள் ஓடி, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுற்றுகிற துணியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். மேலே இன்னொரு பஸ் வருகிற சத்தம் கேட்டது.

"போட்டுக்க," என்றேன். "ஆளுங்க வர்றாங்க."

அவள் துணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நோயாளியைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாள்.

"எனக்கு வேணாங்க," என்றாள். "ஒங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க உள்ளுக்கு போய் இருங்க."

நான் உள்ளே போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தேன். மேலே பஸ் நின்றது, ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். என்னால்தான் தலையைத் தூக்க முடியவில்லை.