எல்லம்மா அக்காவின் வலிக்காத கால்

புண் கட்டும் வேலையில் கத்துகிற நோயாளியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சத்தமே போடாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால்தான் பயம். டிரஸ்ஸிங் ரூமில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சீழ் வாடை சட்டையோடு வீடு வரை வந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுமே, அந்த வாடையை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். புதிதாக நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் படிக்கலாம். காக்ஸ் டவுன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் டிரஸ்ஸராக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

கருவாட்டு வாசனை

தொண்ணூற்று நாலோ ஐந்தோ இருக்கும். அல்சூரில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் எல்லம்மா அக்கா செருப்பில்லாமல் நடந்து வந்தார். நொண்டக்கூட இல்லை. பழைய சர்க்கரை வியாதிக்காரர். வலது பாதத்தின் மேல், கட்டைவிரலை ஒட்டி, ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பாக ஒரு குழி. இஸ்திரிப் பெட்டியிலிருந்து விழுந்த கங்கு, தானாக அணைகிற வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறது.

செத்த சதையைக் கத்தரித்து எடுத்தேன். அவர் ஜன்னல் வழியாக பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் இல்லை, நின்றால்தான் பிழைப்பு, கால் போனால் வண்டியும் போய்விடும் என்று யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். "கங்கு விழுந்தது தெரியலையா அக்கா?" என்று கேட்டேன்.

"வாசனை வந்துச்சு தம்பி. பக்கத்துல யாரோ கருவாடு சுடறாங்கன்னு நெனச்சேன். வாயில எச்சில்கூட ஊறுச்சு."

நாலு அடையாளம்

நர்சிங் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு டீச்சரம்மா வருவார். பெயர் சொல்ல மாட்டேன், மறந்ததால் இல்லை. அன்று அக்காவின் காலை வைத்துத்தான் பாடம். சிவப்பு, சூடு, வீக்கம், வலி: உடம்பு ஒரு புண்ணோடு சண்டை போடுகிறது என்பதற்கு இந்த நாலும் அடையாளம் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த அக்காவுக்குக் கால் மரத்துப்போச்சு, வலி வராது. நம்ம மாதிரி கறுத்த தோல்ல சிவப்பும் சரியாத் தெரியாது. புறங்கையை ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி வெச்சுப் பாக்கணும். சூடுதான் சொல்லும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாணவி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சரம்மா அந்த நோட்டை வாங்கி, அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எது யாருடையது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்வேன்.

"அஞ்சாங்கிளாஸ் பாடமெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா. அவர் வேலை பக்கெட்டை எடுத்து வெளியில வைக்கறது."

பூனை

ஒரு வாரம் விடாத மழை. அக்கா கட்டு மாற்ற வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். பிரித்துக்கொண்டே போனேன், கடைசிச் சுற்றில் துணி தானாக அசைந்தது. உள்ளே வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு புழுக்கள். பக்கத்தில் நின்ற மாணவி "ஹுளா, ஹுளா" என்று கன்னடத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துப்போட்டுக் கழுவினால், குழி மாதுளை முத்துபோல் சுத்தமாகச் சிவந்திருந்தது. செத்ததைத் தின்றுவிட்டு உயிருள்ளதை விட்டுவைத்திருந்தன. பஞ்சு பட்ட இடத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்த்தது. பிள்ளைகளே, புண்ணில் அப்படிப்பட்ட சதையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அது வளர்கிற சதை. என் கத்தரிக்கோலால் ஒரு மாதமாக முடியாததைப் புழு ஒரு வாரத்தில் முடித்திருந்தது. அதன் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அக்கா தட்டில் நெளிந்தவற்றை எட்டிப் பார்த்தார்.

"அதான் எங்க பூனை ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம இந்தக் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சா."

மூடி

ஆழமான புண் அடியிலிருந்துதான் மேலே வளர்ந்து வர வேண்டும். அதனால்தான் குழிக்குள் காஸ் துணியைத் தளர்வாக வைத்து, மேல்தோல் அவசரப்பட்டு மூடிவிடாமல் பார்த்துக்கொள்வோம். பிறகு நான் காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாளும் உள்ளே துணி வைக்காமல் மேலே மட்டும் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான் வந்து பார்த்தபோது, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் தோல் வழவழவென்று மூடியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். "சிவப்பு இல்ல, வலி இல்ல, பாத்துக்கோங்க" என்று டீச்சரம்மா மாணவிகளுக்குக் காட்டினார். டாக்டர் கதவருகே நின்றபடியே தலையாட்டிவிட்டுப் போனார்.

துடைக்கிற சாக்கில் புறங்கையை வைத்தேன். இடது கால் குழாய்த் தண்ணீர்போல் இருந்தது. வலது கால் சுட்டது. நம்பாமல் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தேன். மூடிக்குக் கீழே ஏதோ கண் விழித்து, மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல் ஒரு சூடு. "நீ என்ன சொல்ற தம்பி?" என்று அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நோட்டில் இழுத்த பேனாக் கோடு என் கண்முன் வந்து நின்றது. "படிச்சவங்க சொல்றாங்க இல்ல அக்கா, சரியாத்தான் இருக்கும்" என்றேன். டீச்சரம்மா சிரித்தார்.

"பரவால்லையே, இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு."

திங்கட்கிழமை

சனி, ஞாயிறு டிரஸ்ஸிங் ரூம் கிடையாது. திங்கள் காலையில் பக்கத்து வீட்டார் அக்காவை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். குளிர்ஜுரத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. பாதத்தில் தோல் மட்டும் அதே அழகோடு மூடியிருந்தது. டாக்டர் அதைக் கீறிவிட்டு, கணுக்காலுக்கு மேலே அழுத்தினார். சீழ் பாதத்தில் வந்து கொட்டியது. அப்போதும் அக்கா கத்தவில்லை. அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கை கழுவிக்கொண்டே டாக்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே கீறி விட்டிருந்தா ஒரு விரலோட போயிருக்கும்."

அரிப்பு

வெட்டிய இடம் நன்றாக ஆறியது. அதையும் நான்தான் கட்டினேன். ஒருநாள் வார்டுக்குப் போனபோது அக்கா குனிந்து, கால் இல்லாத இடத்தில், வெறும் விரிப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். ஐந்து விரலும் தெரிகிறதாம். இத்தனை வருஷம் மரத்துக் கிடந்த கால், இப்போதுதான் அரிக்கிறதாம். அதை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும்; சொல்லவில்லை.

"அரிச்சா புண்ணு ஆறுதுன்னுதான அர்த்தம்? எங்கயோ மண்ணுக்குள்ள ஆறிக்கிட்டு இருக்கு தம்பி."

அல்சூரில்

ஆறு மாசம் பொறுக்க முடிந்தது. அதற்குமேல் முடியாமல் அல்சூர் போனேன். வண்டி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அந்த ஆள் தேய்த்துத் தள்ளும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமையே எனக்குச் சூடு தெரிஞ்சுது அக்கா. டீச்சரம்மா மேல இருந்த கோபத்துல சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். திட்டட்டும் என்று நின்றேன். அவர் ஒரு சட்டைக் காலரை விரலால் நீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தெரியும் தம்பி. மத்த நாள்லாம் ஒரு தரம் தொட்டுட்டு விட்டுடுவ. அன்னைக்கு ரெண்டு தரம் தொட்ட. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

டீச்சரம்மா மேல் எனக்குள்ள கோபத்தை இன்றுவரை நான் விடவில்லை, ஆனால் அந்தக் கோபத்துக்காகக் காலைக் கொடுத்தவர் வேறு ஆள்.