ஒற்றை நட்சத்திர நூலகம்

"பெரிய எல்லு… சின்ன ஐ… சின்ன பி… சின்ன ஏ…"

"ஆர விட்டுட்டியே புள்ள. பி-க்குப் பொறகு ஆரு" என்று பத்திரிகை மேசையிலிருந்து குரல் வருகிறது.

இராஜகுமாரி நாக்கைக் கடித்துக்கொண்டு, அடித்ததையெல்லாம் அழித்து, வலக்கை ஆள்காட்டி விரலை ஓங்கி மறுபடி தொடங்குகிறார். எந்த எழுத்தும் வாயில் பிறந்த பிறகே அவர் விரலுக்கு இறங்கும். கடைசியில் ஒரு சுருண்ட குறி வரும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஜிலேபி. "ஜிலேபி, ஒன்னு, ரெண்டு, மூனு!" திரை திறந்துவிடுகிறது. உயிரே போனாலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் மும்மொழியிலும் எச்சரிக்கப்பட்ட கடவுச்சொல், இப்படித்தான் தினமும் காலையில் நூலகத்துக்கு வந்திருப்பவர்கள் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டப்படுகிறது. பிழை திருத்திய மாயாண்டி, தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது மேற்பார்வையாளராக இருந்து கொழுந்து மலையில் சனங்களை விரட்டி ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட்டதே இல்லை. கடவுச்சொல் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் தாண்டிப் போகும் பஸ் நின்று மூச்சு வாங்கும் ஒரு கடைத்தெரு அது. பெயரைச் சொன்னால் பிரதேச சபைக்கு மனம் நோகும். சபையின் கடைத்தொகுதியில், கீழே பார்மசியும் கோழிக்கடையும், மேலே பொது நூலகமும். நூலகர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவருடைய கதிரைக்கு ஆள் வரவில்லை. நூலக உதவியாளரான இராஜகுமாரி அந்தக் கதிரையில் உட்காருவதில்லை. பதவி தனக்கில்லை என்ற மரியாதையில் தன் சாப்பாட்டுப் பையை மட்டும் அதில் வைப்பார். பைதான் இப்போதைக்குப் பதில் நூலகர்.

ஐம்பதை நெருங்கும் பெண். பருத்திச் சேலைக்கு மேல் ஒரு கறுப்புக் கம்பளிச் சட்டை, காலில் ஆண்கள் போடும் மழைச் செருப்பு. நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்பதில் அவருக்கு இணையானவர் மத்திய மலைநாட்டில் இல்லை. "சத்தம் போடாதீங்க!" என்று அவர் ஒருமுறை போட்டால், கீழே கோழிக்கடையில் கூட்டுக்குள் இருப்பவையும் அடங்கிவிடும்.

சென்ற ஆண்டு ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் நூலகத்துக்குக் கணினி வந்தது. கூடவே ஒரு பதாகையும் வந்தது. "மலையகத்தில் டிஜிட்டல் விடியல்" என்றது பதாகை. விடியலுக்கு அந்தத் தகவல் எட்டவில்லை போலும். மூலை ஜன்னலில், சமயப் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் மட்டுமே இணையம் கிடைத்தது, அதுவும் பனி இறங்காத நேரத்தில். இராஜகுமாரி கணினி மேசையை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சாமி பக்கத்துல இருந்தாதான் நெட்டும் ஓடுது."

பயிற்சி கொடுத்தவர் குகநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், சபையின் தகவல் தொழில்நுட்ப அலுவலர், நல்ல மனிதர். எதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை மட்டுமே அவருடைய குறை. "அப்லோட், டவுன்லோட், வித்தியாசம் விளங்கிச்சுதோ அக்கா?" என்று அவர் கேட்டதற்கு, "ஏத்துறது, எறக்குறது. அதானே சார்? லொறியில கொழுந்து மூட்டை ஏத்துற கணக்கு" என்றார் இராஜகுமாரி. வகுப்பு சிரித்தது. குகநேசன் சிரிக்கவில்லை. பயிற்சி அறிக்கையில் இவர் பெயருக்கு நேரே, "மேலதிக பயிற்சி தேவை, சுயமாக இயங்கக்கூடிய நிலையில் இல்லை" என்று எழுதி அனுப்பினார்.

பயிற்சியில் சொன்னதில் ஒன்றே ஒன்று இராஜகுமாரியின் மனத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. இணைய வரைபடத்தில் நூலகத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. அங்கே யாரும் வந்து அபிப்பிராயம் எழுதலாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடலாம். இருபது வருடத்துக்கு மேலாகப் புத்தகம் எடுத்துக் கொடுத்த ஒருவருக்கு, ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்க்க ஆசை இருக்காதா? காலையில் கடவுச்சொல் வாசிப்பு முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். முதல் ஐந்து நட்சத்திரம் குகநேசன் போட்டது. இரண்டாவது, சபை தனக்குத்தானே போட்டுக்கொண்டது. மூன்றாமவர் எந்தக் கடையை நினைத்து எழுதினாரோ, "தேத்தண்ணி சூப்பர், ரோல்ஸ் சுமார்" என்று நான்கு போட்டிருந்தார். இராஜகுமாரி அதற்கும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

நான்காவது வந்த நாளில்தான் சோதனை பிடித்தது. ஒரே ஒரு நட்சத்திரம். எழுதியவர் பெயர் "பனிமலர்". வழக்கப்படி வாய்விட்டு வாசித்தார்:

"புத்தகம் நல்லா இருக்கு. டொய்லட் எப்பவும் பூட்டி இருக்கு. மிஸ் கத்துறாங்க."

மூன்று வசனம். முதலாவது அவர் காதில் ஏறவில்லை. இரண்டாவதும் ஏறவில்லை.

"நானா? நானா கத்துறேன்?" என்று கேட்டார். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நூலகத்தில் விசாரணை நடந்தது. புத்தகம் திருப்ப வந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் முகத்தை அவர் பார்த்த பார்வையில், மனிதர் தாமதக் கட்டணத்தைக் கேட்காமலே கட்டிவிட்டுப் போனார். மாயாண்டியையும் விடவில்லை.

"நீங்கதானே எழுதினது? மரியாதையா சொல்லிருங்க."

"நான் எழுதியிருந்தா மூனு வரியோடயா விட்டிருப்பேன்?" என்றார் மாயாண்டி, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உண்மை தானாகவே வந்து நின்றது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க மேல் டிவிஷன் தோட்டத்து லய வீட்டிலிருந்து வரும் கிருஷாந்தி, நடுப்பகல் ஆகுமுன்னே புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான் போவாள். இராஜகுமாரி அன்றுதான் கேட்டார்.

"வந்தது ஒம்போது மணிக்கு. அதுக்குள்ள எங்க ஓட்டம்? பரீச்ச ஒங்களுக்கா எனக்கா?"

பெண் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "வீட்டுக்குப் போயிட்டு வரணும் மிஸ். காலையில தண்ணி குடிக்காமத்தான் வர்றேன். அப்படியும் முடியல. ஏறி எறங்க ஒன்றர மணித்தியாலம் போயிருது. மத்தப் புள்ளைங்க வராம நின்னதே அதுக்குத்தான்."

கழிப்பறை இல்லாமல் இல்லை. கணினியோடு சேர்த்து, அதே திட்டத்தில், படிக்கட்டுப் பக்கம் கட்டினார்கள். வெள்ளை ஓடு பதித்து, முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து. கட்டி முடித்த கையோடு பூட்டியும் விட்டார்கள். சாவி சபை அலுவலகத்தில். பொதுமக்கள் பாவித்தால் அசுத்தமாகிவிடும் என்பது காரணம். அந்த வகையில் இலங்கையிலேயே சுத்தமான பொதுக் கழிப்பறை அதுதான். திறந்துவிடும்படி இராஜகுமாரி சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், ஒன்றல்ல, பல. பதில் வராததால், பார்மசிக்காரரின் வீட்டம்மாவோடு சிநேகிதம் பிடித்துத் தன் பிரச்சினையை மட்டும் தீர்த்துக்கொண்டார். பின்கட்டுக் கதவு அவருக்குத் திறக்கும். பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அந்தப் பனிமலர்…" என்று இழுத்தார்.

"நான்தான் மிஸ்." கிருஷாந்தியின் கண்ணில் நீர் முட்டியது. "மூனாவது வரிய வேணும்னா எடுத்துடுறேன்."

"எடுக்காத!" என்று இராஜகுமாரி போட்ட சத்தத்தில் மாயாண்டியின் பத்திரிகை மடங்கியது. "இருக்கட்டும். அதும் உள்ளதுதான்."

இரண்டு நாள் போயிருக்கும். சபை ஜீப் ஒன்று கடைத்தொகுதி வாசலில் வந்து நின்றது. குகநேசன் படியேறி வந்தார். வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். நுவரெலியாவில் நடந்த மீளாய்வுக் கூட்டத்தில், டிஜிட்டல் விடியலைக் காட்டுவதற்காக நூலகத்தின் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டிருக்கிறார்கள். விடியலுக்குப் பதில் கழிப்பறை விழுந்திருக்கிறது, மேலிடத்து அதிகாரிகள் எல்லார் கண்ணிலும்.

"ஆர் எழுதினது அக்கா? உடன அழிக்கச் சொல்லுங்கோ. சபைத் தவிசாளர் சரியான கோவம்."

பனிமலர் அப்போது மூன்றடி தள்ளி உட்கார்ந்து பொருளியல் படித்துக்கொண்டிருந்தாள். இராஜகுமாரி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யாரோ வெளிநாட்டுக்காரவுங்க போல சார். சுத்திப் பாக்க வந்திருப்பாங்க."

"அப்ப நீங்களாவது எதையாவது செய்யுங்கோ. முறைப்பாடு போட்டு எடுப்பிக்கலாம். காட்டித் தந்தனான்தானே?"

"எனக்கு அந்த நெட்டு வேலையெல்லாம் எங்க சார் வெளங்குது?" என்றார் இராஜகுமாரி, உலகத்துச் சாதுத்தனத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு. "மேலதிக பயிற்சி வேணும்னு நீங்கதானே எழுதி அனுப்பியிருக்கீங்க. சுயமா இயங்க மாட்டேன்."

குகநேசன் போகும்போது குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடுதான் ஒன்று சொன்னார்: "உங்களைக் கினிகத்தேனைப் பக்கம் மாத்திறதெண்டு கதைக்கினம் அக்கா. கவனம்."

ஜீப் போன பிறகு இராஜகுமாரி நெடுநேரம் ஜன்னல் பக்கம் நின்றார். கினிகத்தேனை என்றால் விடியுமுன் பஸ், இருட்டிய பிறகு வீடு. கணவர் ஒரு பக்கம் கை விளங்காமல் லயத்தில் படுத்திருக்கிறார். மத்தியானச் சோற்றை ஓடிப்போய் ஊட்டிவிட்டு வருவது இந்த நூலகம் பக்கத்தில் இருப்பதால்தான். ஆனால் இன்னொன்றும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. முத்திரை ஒட்டி, "கனம் ஐயா" போட்டு, இத்தனை மாதம் எழுதிய கடிதங்களுக்கு ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை. ஒரு பெண்பிள்ளை போட்ட ஒற்றை நட்சத்திரத்துக்கு ஜீப் வந்திருக்கிறது.

மறுநாள் காலை அவர் கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மாயாண்டி கலவரப்பட்டு, "ஒடம்புக்கு முடியலையா புள்ள?" என்று கேட்டார். இராஜகுமாரி எழுந்துபோய்க் கழிப்பறைப் பூட்டைப் படமெடுத்தார், கைத்தொலைபேசியிலிருந்து கணினிக்கு எறக்கினார், வரைபடத்துக்கு ஏத்தினார். தன் சொந்தப் பெயரில், பதவியையும் போட்டு, தான் வேலை செய்யும் நூலகத்துக்குத் தானே ஒரு நட்சத்திரம் வைத்தார். கீழே எழுதினார்: "பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் படிக்கிறார்கள். சாவி சபையில் இருக்கிறது."

பிறகு பத்திரிகை மேசைக்கு வந்து, மாயாண்டியின் முன்னால் கைத்தொலைபேசியை வைத்தார். "மூனு வரியோட விட மாட்டேன்னீங்களே. சொல்லுங்க, நான் அடிக்கிறேன்." மாயாண்டி சொன்னார். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து தொடங்கினார். பாதியில் இராஜகுமாரியே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் வராமல் நின்றுபோன பெண்பிள்ளைகளும், அவர்களுடைய தாய்மாரும், கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன்மாரும் எழுதினார்கள். ரோல்ஸ் சுமார் என்ற மனிதர்கூட நான்கைக் குறைத்து ஒன்றாக்கினார்.

இடமாற்றம் வரவில்லை. மாற்றினால் ஏன் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள் என்று யாரோ புத்திசாலி சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தவிசாளரே வந்தார். மேளம் வந்தது. கழிப்பறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, பொட்டு வைத்து, குத்துவிளக்குக்கு இடம் போதாமல் அதைப் படிக்கட்டில் வைத்து ஏற்றினார்கள். சுவரில் கல் பதித்தார்கள், மும்மொழியிலும். மக்கள் குரலுக்கு எப்போதும் செவிசாய்ப்பது தன் கொள்கை என்று தவிசாளர் பேசினார். தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டியபோது கைதட்டல். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் முதலில் உள்ளே போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. படமெடுத்து முடிந்தது, பற்றீஸ் பலகாரம் கொடுத்து முடிந்தது, ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

கடைசியாக நின்ற குகநேசன் கழிப்பறைக் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டைப் போட்டு அழுத்தினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி சபையில இருக்கட்டும் அக்கா. புதுசு. பிள்ளையள் ஊத்தையாக்கிப் போடுவினம். தேவையெண்டா ஒரு கடிதம் தாங்கோ."

கிருஷாந்தி இராஜகுமாரியைப் பார்த்தாள். மாயாண்டியும் பார்த்தார். கத்துவார் என்று எல்லாருமே காத்திருந்தார்கள்.

இராஜகுமாரி கத்தவில்லை. கம்பளிச் சட்டைக்குள் கைவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அதன் முதுகில் இருந்த கமராக் கண்ணைச் சேலைத் தலைப்பால் சாவகாசமாகத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பூட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நூலகத்தில் பேச வேண்டிய அளவுக்கு மெதுவான குரலில் சொன்னார்:

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க சார். பூட்டு மறையுது."