நில் என்றால் நிற்க வேண்டும்

உயரத்துக்குப் பயப்படாத மனிதர் எங்கள் சைட்டில் ஒருவர்தான். கிரேன் ஓட்டுபவர். பருந்து என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதினைந்து மாடி உயரத்துக்கு இரும்பு ஏணியில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். காற்றடித்தால் கூண்டு ஆடும். "தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குடா" என்பார். நான் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். பாதி ஏணியிலேயே இறங்கிவிட்டேன். ஆளை விடுங்க சாமி, எனக்குத் தரையே போதும்.

தரையில் என் வேலை அவருக்குக் கை காட்டுவது. மேலிருந்து பார்த்தால் கொக்கி தெரியும், சுவருக்குப் பின்னால் நிற்கிற ஆள் தெரியமாட்டார். கையை உயர்த்தி விரலைச் சுழற்றினால் 'மேலே ஏற்று'. கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பினால் 'நில்'. வாக்கி டாக்கியும் உண்டு, ஆனால் அது நேரம் பார்த்துக் கரகரக்கும். இந்த 'நில்'லுக்கு எங்கள் தொழிலில் தனி மரியாதை. தரை கூட்டுகிற அக்கா காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பதினேழு வருஷத்தில் நான் கை நீட்டி அவர் நிற்காமல் போனதே கிடையாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினேன். ஒரு நொடி தாமதம், அவ்வளவுதான். கட்டு என் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி வந்து ஆடி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிரோடு வாக்கி டாக்கியை எடுத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சாப்பாட்டுக்கு இறங்கி வந்தவரைப் பார்த்தால் இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"கடைவாய்ப் பல்லுடா," என்றார். "நாலு நாளா தூக்கமில்ல. மாத்திரை போட்டேன், கண்ணைக் கட்டுது."

"மாத்திரையைப் போட்டுட்டா மேல ஏறினீங்க? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?"

"கத்தாதடா. நாளைக்குச் சரியாயிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பல்லைப் பிடுங்காம நீங்க ஏறினா நான் கீழ நிக்கமாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கோங்க," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கு வேறு ஆளின் கை பிடிபடாது. எனக்கும் வேறு யாரையும் நம்பிக் கொக்கிக்குக் கீழே நின்று பழக்கமில்லை.

சாயங்காலம் அவர் மனைவி, எனக்கு அண்ணி, போன் செய்தார்கள். "மூணு தடவை பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன் தம்பி. மூணு தடவையும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டார். கேட்டா வண்டி நிறுத்த இடமில்லையாம். நாங்க போனதே பஸ்ல! நான் வாயால சொன்னா அவர் காதுல ஏறாது. நீ கை காட்டினாதான் கேப்பார். கூட்டிட்டுப் போயேன்."

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் அறையில் எட்டு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. உள்ளேயிருந்து ஙொய் என்று அந்தச் சத்தம். தினமும் பதினைந்து மாடி ஏறுகிற கால் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடியது. "என்ன பருந்து, கோழிக்குஞ்சு ஆயிட்டீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், என்ன செய்வது.

அவரைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் இருக்கும், தட்டுமுட்டுச் சாமானெல்லாம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கழுத்தில் கட்டிய துணியோடு அவர் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். நர்ஸ் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தரை முழுக்கக் கருவிகள்.

டாக்டர் சின்னப் பெண். முகம் சிவந்திருந்தது. "மரத்துப்போற ஊசிதான் போட வந்தேன். வலிச்சா கையை உயர்த்துங்க, நிறுத்திடறேன்னு தெளிவாதானே சொன்னேன்? உயர்த்தவே இல்ல. பக்கத்துல வீசி எல்லாத்தையும் தள்ளிட்டார்."

மன்னிப்புக் கேட்டு அவரை வெளியே இழுத்து வந்தேன். மானம் போயிற்று. படிக்கட்டில் உட்காரவைத்து ஒரு பிடி பிடித்தேன். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

"நான் நில்லுன்னு சொன்னேன்டா. அவங்க நிக்கல."

"வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு எப்படிச் சொன்னீங்க?"

இடது கையை நீட்டினார். விறைப்பாக, பக்கவாட்டில், உள்ளங்கை தரையைப் பார்க்க.

சைட்டில் நான் தினமும் காட்டுகிற அதே 'நில்'.

"உயர்த்தணும்னு எனக்கும் தெரியும். ஆனா உயர்த்தினா ஏத்துன்னு ஆயிடுமே. என் கை மேல போகவே இல்ல," என்றார். பிறகு தன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எட்டு வயசுல பெரியப்பா ஒரு பல் பிடுங்கறவர்கிட்டக் கூட்டிட்டுப் போனார். மரத்துப்போற ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிக்கிட்டாங்க. நிறுத்து, நிறுத்துன்னு கத்தினேன். சிரிச்சாங்கடா. இன்னிக்கு இந்தம்மா பயம் போக மயக்கம் தரட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். நான் மயங்கிட்டா யாருடா நில்லுன்னு சொல்றது?"

கோழிக்குஞ்சு என்று சொன்ன என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். எங்கள் கைபாஷையை டாக்டருக்குச் செய்து காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்தப் பெண் தானும் கையை நீட்டிப் பார்த்தார். "இப்படியா? உள்ளங்கை கீழயா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"முழு மயக்கம் இல்லைங்க. மூக்குல ஒரு மூடி வைப்போம், மூச்சோட வாயு போகும். நாங்க பேசறது கேக்கும், உங்க கை உங்க சொல் கேக்கும். பயம் மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கும். வேணாம்னா மூடியை நீங்களே எடுத்துடலாம். கருவித் தட்டை வலது பக்கம் மாத்திடறேன். நீங்க கை நீட்டினா நான் நிப்பேன்."

"எப்ப நீட்டினாலுமா?"

"எப்ப நீட்டினாலும்."

வீக்கம் வடிய மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அதுவரை பருந்து லீவில் இருந்தார், கிரேனும் சும்மா நின்றது.

அந்த நாள் நான் நாற்காலியின் கால்மாட்டில், அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன். "வாயு எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு டாக்டர்" என்று சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது. மூடியை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. டாக்டர் ஊசியை எடுத்து வாயருகே கொண்டு வந்தார்.

கை நீண்டது.

டாக்டர் உடனே இரண்டு கையையும் பின்னால் எடுத்தார். "வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார். ஊசி இன்னும் தொடவே இல்லை.

டாக்டர் மறுபடி குனிந்தார், மறுபடி கை நீண்டது. டாக்டர் நின்றார். "வலிக்குதா?" இல்லை. நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாவது தடவையும் நீட்டினார். எனக்கே பொறுமை போய், 'யோவ்!' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் மட்டும் முதல் தடவை நின்ற மாதிரியே நின்று, அதே குரலில் கேட்டார். "வலிக்குதா?"

அவர் டாக்டரையே பார்த்தார். கை மெதுவாக இறங்கி மடியில் விழுந்தது. அதன் பிறகு ஊசி போட்டபோதும், பல் அசைந்து வெளியே வந்தபோதும் அது அங்கேயே கிடந்தது.

தெளிந்த பிறகு வெளியே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வாயில் பஞ்சு. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"நின்னாங்கடா," என்றார் பஞ்சோடு. "மூணு தடவையும் நின்னாங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மேலே ஏறினார். நான் கீழே என் இடத்தில் நின்றேன். முதல் பாரம் கட்டுவதற்கு முன்னால் வெறும் கொக்கி இறங்கி வந்தது. எனக்குள் இன்னும் அந்தக் கம்பிக் கட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது. காரணமே இல்லாமல் கையை நீட்டினேன்.

கொக்கி அந்தக் கணமே நின்றது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"என்னடா, வலிக்குதா?"

"இல்லண்ணே," என்றேன். கையை இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அவர் நின்றார்.