எம் என்றால் முழம்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை குத்துமதிப்புதான். அச்சில் வந்துவிட்டால் கையெழுத்து யாருக்கும் தெரியாது என்று மகள் சொல்கிறாள். இருந்தாலும் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் இதைப் படித்து டைப் அடித்தாக வேண்டும். அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்குத் திண்டிவனத்தில், பேருந்துகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பூக்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, இரண்டு கூடை. நான் கட்டுவேன், மனைவி விற்பாள். “வாங்க, வாங்க, குண்டுமல்லி வாங்கிக்கினு போங்க” என்று கூவுவது அவள் வேலை. எனக்குக் கூவ வராது. தெரிந்தவர் எதிரில் வந்தாலே என் தலை தானாகக் குனிந்து, பூக்கட்டுகிற நாரைப் பார்க்கும். திமிர் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் திமிருக்கும் கூச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

மேசை விளிம்பில் இரண்டு ஆணி அடித்திருக்கிறோம். இந்த ஆணியிலிருந்து அந்த ஆணி வரை ஒரு முழம். என் கை நீளம், மனைவி கை குட்டை. “அண்ணன் அளந்தா முழம், அக்கா அளந்தா முக்கா முழமா?” என்று வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்ததால் செய்த ஏற்பாடு. ஆணியை அடித்தது மனைவி. இப்போது ஆர்டர் எல்லாம் போனில் வருகிறது. ஒரு எண்ணைப் போட்டு, பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். பத்து எம் மல்லி என்றால் பத்து முழம். ஆங்கிலத்தில் நான் தினமும் படிக்கிற எழுத்து அது ஒன்றுதான்.

மகளை விழுப்புரத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவர் வந்து இறங்கியபோது நான்தான் “வாங்க மாப்ள” என்று சொல்லி உள்ளே அழைக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பேண்டு வாத்தியக்காரர்கள் காதருகே அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வரவில்லை என்று விழுப்புரத்தார் முடிவு செய்தார்கள். “மாமனார் வாங்கன்னு ஒரு வார்த்த கூப்புடல” என்பது அந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

அதன் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் கடைக்கு எதிரில் பேருந்தை விட்டு இறங்கி, அவள் சாலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு டீ குடிப்பார். அடுத்த விழுப்புரம் வண்டியில் ஏறிப் போய்விடுவார். நான் நாரைப் பார்ப்பேன். அவர் டீயைப் பார்ப்பார்.

மகள் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தியம்மா போனில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். “எம்புள்ளையக் கூப்புடாத வூட்டுக்கு நாங்க எப்படிங்க வர்றது? எல்லாத்தையும் இங்கயே வெச்சிக்கலாம். பிரசவமும் இங்கயே ஆவட்டும்.”

போனை வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள்.

“மொதப் பிரசவம். பொண்ணு இங்க வராம அங்கயே கெடந்தா ஊரு இன்னா பேசும்? அத வுடுங்க, எனக்கு மனசு தாங்குமா? நேர்ல போங்க. வாயத் தொறந்து வாங்க மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. வாயில இன்னா, நாரா வெச்சிக் கட்டிக்கினு இருக்கீங்க?”

மதியத்தில் வியாபாரம் இருக்காது. மகளுக்குப் பூ எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டி, வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகவே வந்தது. மாப்பிள்ளையின் கடை வாசலில் நான் நின்றதும் வார்த்தையும் நின்றுவிட்டது.

“உக்காருங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. உட்கார்ந்தேன். பேச்சு அவ்வளவுதான்.

அவர் முன்னால் இருந்த திரையில் கறுப்பு வானத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. வேறு எதையாவது பேசினால் அந்த வார்த்தை தொற்றிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்து, “ராக்கெட்டுங்களா?” என்று கேட்டேன்.

“ராக்கெட் இல்ல மாமா. ஷிப்பு. ஸ்பேஸ்ல போற கப்பல். கேம் இது.”

“எம்மாம் பெருசு?”

கல்யாணமான இத்தனை நாளில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“திண்டிவனத்துல மூக்கு இருக்குதுன்னு வெச்சிக்குங்க. வாலு கூட்டேரிப்பட்டுல இருக்கும்.”

நான் யோசித்தேன். “அப்ப உள்ள போய் வர பஸ்ஸு வுட்டிருக்காங்களா?”

“ரயிலு இருக்குது.”

“ஒண்ணுக்குப் போறதுக்கு?”

“கேம்ல யாரும் போறதில்ல மாமா.”

அப்படியென்றால் சரி என்றேன். கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். அங்கே காற்றே கிடையாது, அதனால் மூக்கு கூர்மையாக இருக்கத் தேவையில்லை, இறக்கை தேவையில்லை, ஆனாலும் அழகுக்கு வைக்கிறார்கள். ஒரு கப்பல் பெரியதா சின்னதா என்பது வானத்தில் தனியாக நிற்கும்போது தெரியாது. சின்னச் சின்ன ஜன்னலாக நிறைய வைத்தால் பெரியதாகத் தெரியும். பெரிய ஜன்னலாக நாலு வைத்தால் வேன் மாதிரி தெரியும். நிஜமான அளவு தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அன்று வார்த்தையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“பேசினேன்.”

“இன்னா பேசினீங்க?”

“கப்பலப் பத்தி.”

அவள் பூக்கூடையைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு அடிக்கடி போனேன். ஒவ்வொரு முறையும் கூப்பிடத்தான் போனேன். மாப்பிள்ளை, சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, கப்பல் கட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். சுவரைப் பிடித்து இழுத்தால் நீளும். நீள நீளப் பக்கத்தில் எண் ஓடும். எண்ணுக்குப் பக்கத்தில் எம். எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் செய்த விளையாட்டு என்றாலும் முழக்கணக்கில் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த வண்டி பேருந்துதான். அதனால் கப்பலையும் அப்படியே கட்டினேன். முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. ஒரு பக்கம் மூன்று பேர் சீட்டு, இன்னொரு பக்கம் இரண்டு பேர் சீட்டு. கதவு நாலு எம். சீட்டு உயரம் ஒரு எம். முன் கண்ணாடிக்கு மேலே ஒரு கொக்கி வைத்தேன். காலையில் முதல் வண்டி எடுக்கிற டிரைவர்கள் எங்களிடம் ஒரு முழம் வாங்கிக் கண்ணாடியில் போடாமல் கிளம்ப மாட்டார்கள். கொக்கி இல்லாத வண்டியைப் பார்த்தால் எனக்கு மொட்டையாகத் தெரியும்.

“இது இன்னா மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“பூ போடுறதுக்கு.”

“அங்க பூ தொங்காது மாமா. மெதக்கும்.”

“மெதக்கட்டும்.”

அவர் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்குக் கட்டத் தெரியும், உள்ளே ஆளை நடக்கவிடத் தெரியாது. அதற்கு நிறைய பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதனால் என் கப்பலை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அடக்கமாக, ஒரு மினி பஸ் அளவுக்கு இருந்தது.

வளைகாப்புக்கு நாள் பார்க்க வேண்டிய நேரம் நெருங்கியது. மண்டபம் விழுப்புரத்திலேயே பேசலாமா என்று சம்பந்தியம்மா மகளிடம் கேட்டிருந்தார்கள். “ப்பா, நீ வர்ற, கேம் ஆடுற, போய்க்கினே இருக்கிற. இன்னிக்காவது கேளுப்பா” என்று அவள் அழாத குறையாகப் போனில் சொன்னாள். இன்று கேட்காமல் திரும்புவதில்லை என்று போனேன். ஆனால் மாப்பிள்ளை அன்று வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

“மாமா, பசங்களாம் ஆன்லைன்ல வந்திருக்கானுங்க. இன்னிக்கி உங்க கப்பல்லதான் போறோம்.”

அவருடைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். அவர்கள் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. திரையில் அவர்களுடைய ஆட்கள் வெள்ளை உடையில் ஒவ்வொருவராக என் கப்பல் கதவருகே வந்து நின்றார்கள். நின்ற பிறகுதான் பார்த்தேன். கதவில் பாதிகூட அவர்கள் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த குழந்தைகள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“டேய் மச்சி, இது கப்பலா கல்யாண மண்டபமாடா?” என்றது ஒரு குரல்.

“கதவு இன்னாடா, யானைய ஏத்திக்கினு போறீங்களா?” என்றது இன்னொன்று.

“டேய், எங்க மாமனாரு பக்கத்துல இருக்காருடா” என்றார் மாப்பிள்ளை.

“ஐயோ. சாரிங்க அங்கிள். நல்லா விசாலமா இருக்குதுங்க அங்கிள்.”

உள்ளே போனார்கள். சீட்டில் ஏற முடியவில்லை. குதித்துப் பார்த்தார்கள். ஓட்ட வேண்டியவர் சீட்டின் காலடியில் நின்றுகொண்டு, “மச்சி, ஸ்டியரிங் எங்கயோ மேல இருக்குதுடா, ஏணி இருக்கா?” என்றார். கப்பல் கிளம்பவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடுகிற பேச்சை எடுக்க எனக்கு முகமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“இருங்க மாமா. கதவு இன்னா அளவு வெச்சீங்க?”

“நாலு முழம்தாங்க. எல்லா வூட்டுலயும் அதானே.”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையில் அந்த எழுத்தைப் பார்த்தார்.

“மாமா, எம்முன்னா மீட்டர்.”

பிறகு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒலிபெருக்கியில் மற்றவர்கள் என்னடா என்னடா என்று கேட்டார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பரவால்ல மாமா, ஒவ்வொண்ணா மாத்திடலாம். ஒரு முழம் எத்தினி சென்டிமீட்டருன்னு மட்டும் சொல்லுங்க. உங்க கை அளவா, அத்தை கை அளவா?”

“கை இல்லீங்க. கடை மேசையில ஆணி அடிச்சிருக்குது. அதான் கணக்கு.”

“ஆணிக்கு ஆணி எவ்ளோ?”

“ஒரு முழம்.”

அவர் போனைக் கையில் எடுத்தார். “அத்தைக்கு போன் போட்டு அளக்கச் சொல்லலாமா?”

“அவ சரியா சொல்லமாட்டா. நீங்களே வந்து அளந்து பாருங்க.”

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கூட்டேரிப்பட்டு அருகே வண்டி நிற்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“வந்து பாருங்கன்னு சொன்னீங்களா? நெசமாவா? வூட்டுக்குன்னு சொன்னீங்களா?”

“மேசைக்குன்னு சொன்னேன்.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “பொண்டாட்டி பேச்சக் கேட்டு வராதவரு, மேசையப் பாக்கவா வரப்போறாரு?”

ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்பக்கம் விழுப்புரம் வண்டி வந்து நின்றது. மகள் இறங்கினாள். மாப்பிள்ளை இறங்கினார். டீக்கடைக்காரர் வழக்கம்போல டம்ளரை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகவில்லை. மகளின் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டி நேராகக் கடைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, இந்த ஆணியில் வைத்து அந்த ஆணிவரை இழுத்தார்.

“நாப்பத்திநாலு” என்றார். “முழம்னா நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணுமே, அத்தை?”

பூ வாங்க வந்து நின்ற இரண்டு அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி டேப்பை அவர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். “அதெல்லாம் இங்க சத்தமாப் படிக்காதீங்க மாப்ள. மொதல்ல வூட்டுக்கு வாங்க. ஜல்தியா வாங்க. காப்பி குடிச்சிக்கினே பேசிக்கலாம்.”

கடையைப் பக்கத்துப் பழக்கடை அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எல்லோரும் நடந்தோம். வீடு பின்தெருவில்தான். மனைவியும் மகளும் முன்னால் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை உயரமானவர். எங்கள் வாசற்கால் நாலு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நெற்றி நிலைக்கட்டையில் பட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது.

“குனிஞ்சி வாங்க, மாப்ள” என்றேன்.

இடித்த பிறகு சொன்னதுதான், ஆனால் சத்தமாகவே வந்தது. உள்ளே மனைவி திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “இந்தக் கதவு எத்தினி எம்மு மாமா?” என்று கேட்டுக் குனிந்து உள்ளே வந்தார்.

காப்பி குடித்துவிட்டு அவரே தன் அம்மாவுக்குப் போன் போட்டார். “கூப்ட்டாரும்மா. மண்ட ஒடையறாப்ல கூப்ட்டாரு” என்றார். வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. சம்பந்தியம்மா வந்து இறங்கியபோது வாசலில் நின்று “குனிஞ்சி வாங்க” என்றேன். அவர்கள் குள்ளம், குனியத் தேவையில்லை. இருந்தாலும் குனிந்து வந்தார்கள்.

கப்பலின் அளவை மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று அந்தச் சிநேகிதர்களே சொல்லிவிட்டார்களாம். ஓட்டுகிற சீட்டுக்குக் கீழே மாப்பிள்ளை ஒரு ஸ்டூல் மட்டும் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் போனில் காட்டுவார். கொக்கியில் பூ மிதந்துகொண்டிருக்கிறது. ஆணி மட்டும் இன்னும் நாற்பத்திநாலில்தான் இருக்கிறது. மாற்றலாமா என்று கேட்டதற்கு மனைவி சுத்தியலை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள்.

மகள் உள்ளறையில் படுத்திருக்கிறாள். அவளுக்கு இது பத்தாம் மாதம். எழுதி வைப்பா, பொறக்கிறவங்களுக்கு யாராவது சொல்லணும், நீ சொல்லமாட்ட என்றாள். எழுதிவிட்டேன்.

கார்த்திகை பதினொன்று, வியாழக்கிழமை.