வாசலில் நின்று சொன்னது

"சட்டையைக் கழட்டு தாயி. வெக்கம் என்ன வெக்கம், நானும் பொம்பளதான்" என்று அதட்டிக்கொண்டே நர்ஸ் ஜெபமாலை பிள்ளையின் வயிற்றை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். காய்ச்சல் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் இதுதான் முதல் வேலை. பிறகு டார்ச் அடித்துத் தொண்டை, நாக்கு. தோல் சுறாத்தோல் மாதிரி சொரசொரத்து, நாக்கு சிவந்து பொரிப்பொரியாக இருந்தால் போதும், "செங்காய்ச்சல் சார்" என்று டாக்டரிடம் ஓடுவாள். பென்சிலின் மாத்திரையைக் கொடுக்கும்போது குரல் ஏறும்.

"பத்து நாளு. மூணா நாளே காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிறுத்துன, வீட்டுக்கே வந்து வைவேன்!"

வந்து வைதும் இருக்கிறாள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவளுக்குச் 'சொரசொர நர்ஸ்' என்றே பெயர். அந்தக் கேலிக்கு அவள் மட்டும் சிரிப்பதில்லை.

ஜெபமாலை பாம்பன்காரி. இங்கே வேலைக்கு வந்த புதிதில், 1991இல், நடவுக்குப் போகும் முருகம்மாள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. "அம்மை பாத்திருக்கு நர்சம்மா, வெளியாளு உள்ள வரக்கூடாது." நாமோ வேதக்காரி, இவர்கள் சாமிக்குக் குறை வைப்பானேன் என்று இவளும் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே இருட்டில் முருகம்மாளின் ஆறு வயது மகள் முத்தழகு. கறுத்த உடம்பில் சிவப்பு எங்கே தெரியும்? தொட்டால்தானே தெரியும்! "அம்மைதான். மருந்து வேணாம், தானா எறங்கிரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாள். தொண்டை வலிக்கிறதென்று பிள்ளை அழுதது காதில் விழத்தான் செய்தது.

மூன்றாம் வாரம் பிள்ளைக்கு மூட்டு மூட்டாய் வீங்கியது. அப்புறம் இதய வால்வு கெட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை வாசித்தபோதுதான் ஜெபமாலைக்கு எல்லாம் விளங்கியது. வந்தது அம்மை இல்லை, செங்காய்ச்சல். அன்றைக்கே மருந்து கொடுத்திருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

முத்தழகுக்கு இப்போது பத்து வயது. நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்குகிறது. இருபத்தொரு நாளைக்கு ஒருதரம் ஊசி.

நேற்றும் வந்தார்கள். "எல்லாம் நான் செஞ்ச பாவம் நர்சம்மா. அம்மை பாத்த வீட்டுல தெரியாம தாளிச்சுப்புட்டேன். ஆத்தா கோவிச்சுக்கிட்டு புள்ள நெஞ்சுல எறங்கிட்டா" என்றாள் முருகம்மாள். நாலு வருஷமாக இதே புலம்பல். 'நீ ஒண்ணும் செய்யல, நாந்தான்' என்ற சொல் ஜெபமாலைக்கு நாக்கு வரை வந்தது. வேலை போய்விடுமே என்றுகூட இல்லை, எதிரே இருக்கும் அந்த முகம் மாறிவிடுமே!

"கையத் தளர விடு, வலிக்காதுடி" என்று பிள்ளையிடம் பேச்சை மாற்றினாள்.

ஊசி முடிந்தது. "நீங்க மட்டும் இல்லாட்டி எம்புள்ள என்னைக்கோ போயிருக்கும்" என்று முருகம்மாள் காலைத் தொடக் குனிந்தாள்.

ஜெபமாலை இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.