கரையாத கற்கண்டு

என் அக்காள் கணவரின் வாய் நாறியது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கும் அறையைப் போல ஒரு நாற்றம். அதன் பக்கத்தில்தான் நான் தினமும் நின்றேன். வெங்காய மண்டியில் அவர் ஏலம் விடுவார், நான் எடை போடுவேன்.

மண்டியில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். ஏலம் விடுகிறவர்களின் பழக்கப்படி கன்னத்தில் ஒரு கற்கண்டை அடக்கி வைத்திருப்பார். விலை ஏறும்போது அதை உள்ளங்கையில் துப்பிக்கொள்வார். கூவி முடித்ததும் திரும்ப வாயில் போட்டுக்கொள்வார். அழுக்குக் கை, சாக்குத் தூசி, எதுவும் கணக்கில்லை.

அவருக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியின் பல் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். எச்சில் வற்றிவிடும், எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், இனிப்பைத் தொடக் கூடாது. பல்லுக்கு அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டும் கொடுத்தார். அதில் மருந்துப் பசை தடவி தினமும் பல்லில் மாட்ட வேண்டும்.

"பல்லு வலிச்சா நேரா எங்கிட்ட வாங்க. வெளிய எங்கயும் பிடுங்கிடாதீங்க. கதிர் பட்ட தாடை எலும்பு லேசுல ஆறாது" என்றார்.

ஸ்பீக்கர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். சிகிச்சையில் கட்டி போனது. எச்சிலும் போனது, நாக்கில் ருசியும் போனது. கற்கண்டு மட்டும் போகவில்லை. ஒருநாள் அவர் சட்டைப் பையில் எறும்பு ஊர்ந்தது. கையை விட்டுப் பார்த்தால் அந்தப் பிளாஸ்டிக் தட்டு, அது நிறையக் கற்கண்டு.

"வாய் காயுதுடா. நான் என்ன பண்றது?"

"தண்ணி குடிங்க, மாமா."

"ஏலத்துக்கு நடுவுல எவன் ஒண்ணுக்குப் போறது?"

இந்த ஆளிடம் என்ன பேசுவது? பற்கள் ஈறோரம் கறுத்து ஒவ்வொன்றாக ஒடிந்தன.

புது வெங்காய வரத்து தொடங்க இருந்தது. முதல் நாள் ஏலத்தில் குரல் எடுபடாவிட்டால் ஏலம் விடும் ஸ்டூலில் வேறு ஆளை ஏற்றிவிடுவதாக மண்டி முதலாளி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப்பல் வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், மண்டிக்குப் பின்னால் இருந்த பல் கடைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கதிர் வைத்ததைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை.

குழி மூடவே இல்லை. அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈறு விலகி, பழுப்பாக எலும்பு தெரிந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

"முதல் ஏலம் முடியட்டும். அப்புறம் எங்க வேணா வரேன்" என்றார்.

ஏல நாள் காலையில் ஸ்டூலில் ஏறி நின்றார். அவர் வாயைத் திறந்ததும் முன்வரிசை வியாபாரிகள் பின்வாங்கினார்கள். ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இவர் விடாமல் கூவினார். குரல் நன்றாகவே எழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். விலை ஏறியது. வழக்கம்போல உள்ளங்கையில் துப்பினார். கூவி முடித்து, துப்பியதைத் திரும்ப வாயில் போட்டுச் சப்பத் தொடங்கினார்.

தராசருகே நின்ற நான் அதைப் பார்த்துவிட்டேன். பழுப்பு நிறம், ஓரத்தில் ரத்தம்.

"துப்புங்க மாமா." அவர் மோவாய்க்குக் கீழே கையை நீட்டினேன். "துப்புங்க, அது கற்கண்டு இல்ல."

துப்பினார். என் கையில் விழுந்தது அவருடைய தாடை எலும்பின் துண்டு. ஏலம் நின்றது. முதலாளி இன்னொருவனைப் பார்த்து ஸ்டூலைக் காட்டினார்.

ஸ்பீக்கர் கீழே இறங்கி என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து கரையவே இல்லடா. மட்டமான சரக்குன்னு நெனச்சேன்" என்றார்.